ஆறாம் நிலையில் இருவர்

லிஃப்டில் பன்னிரண்டுக்கு அடுத்த பொத்தான் பதினான்கு. நான் இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன்.

"பதின்மூண்டு இல்லையோ?"

"இருக்கு. அதிலைதான் நாங்கள் இருக்கிறம்," என்றான் சிவா. "ராசியில்லாத இலக்கம் எண்டு பேரை மட்டும் மாத்திப் போட்டாங்கள்."

கதவு திறந்தது. நீண்ட நடைவழி, ஒரே நிறத்துக் கதவுகள், ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் ஒவ்வொரு தாளிதத்தின் மணம். ஆள் நடமாட்டம் இல்லை. ரொறன்ரோவுக்கு வந்து இரண்டு மணித்தியாலம் ஆகியிருந்தது. நவம்பரின் பனிப்புகார் ஸ்காபரோவை மூடி வைத்திருந்ததால் நான் இன்னும் நகரத்தைக் காணவில்லை. டோர்செட் பார்க்கின் மற்றக் கட்டடங்கள் தெரியவில்லை. அவற்றின் யன்னல் வெளிச்சங்கள் மட்டும் எதிலும் தொங்காமல் நின்றன.

சிவனேஸ்வரன் என்கிற சிவாவும் நானும் யாழ்ப்பாணத்தில் மூன்று வருடம் இரசாயனவியல் படித்தவர்கள். ஆய்வுகூடத்தில் ஒரே மேசை. அவனுடைய வீட்டுக்கு நான் போனதில்லை, அவனும் என் வீட்டுக்கு வந்ததில்லை. சோதனை முடிந்த கையோடு அவன் கனடாவுக்குப் போய்விட்டான் என்று பிறகுதான் அறிந்தேன். நான் அதே பல்கலைக்கழகத்தின் கல்விக் கிளையில் வேலைக்குச் சேர்ந்து, தலை நரைக்கும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். முப்பது வருடத்துக்குப் பிறகு விமான நிலையத்தில் அவனைக் கண்டபோது முகத்தை அல்ல, அவன் நின்ற விதத்தைத்தான் அடையாளம் கண்டேன். கண்ணாடிக் குழாய்க்குமுன் நிற்பதுபோல, மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான்.

கதவைத் திறந்த அவன் மனைவி மாலினி, "வாங்கோ அண்ணை, குளிருக்கை நிக்காதேங்கோ," என்றார். பிறகு அவனைப் பார்த்து, "குலன், சப்பாத்தை வெளியிலை கழட்டுங்கோ."

குலன்?

"வீட்டுப் பேர்," என்றான் சிவா, சப்பாத்தைக் கழற்றியபடி.

எங்களில் யாருக்குத்தான் ஒரு பெயர்? பதிவில் ஒன்று, வீட்டில் ஒன்று. என்னைச் சான்றிதழிலுள்ள பெயரால் யாராவது கூப்பிட்டால் நான் திரும்புவதற்கு ஒரு கணம் பிந்தும். ஆகவே அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. சுவரில் மகள் அபிராவின் பட்டச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தது. அவள் வேறு நகரத்தில் வேலை செய்கிறாளாம். தகப்பனின் பெயர் பின்னால் வரும் இங்குள்ள வழக்கப்படி அவளுடைய பெயர் அபிரா குலேந்திரன் என்று அச்சாகியிருந்தது. வீட்டுப் பெயர் எப்படிச் சான்றிதழ்வரை போனது என்று அப்போதே கேட்டிருக்கலாம். மேசையில் இடியப்பமும் விளைமீன் சொதியும் ஆவி பறக்க இருந்தன. கேட்கவில்லை.

நான் வந்த வேலை இதுதான். மேல்படிப்புத் தகைமைகளை நிலைகளாக அடுக்கி ஒவ்வொரு நாடும் ஒரு சட்டகம் வைத்திருக்கிறது. பொலோஞா என்ற இத்தாலிய நகரத்தில் கூடி ஐரோப்பிய நாடுகள் தங்கள் பட்டங்களை ஒரே ஏணியில் நிறுத்தச் சம்மதித்தன. அங்கே மூன்று வருடப் பட்டம் ஆறாம் நிலை. எங்கள் சட்டகத்தில் மூன்று வருடப் பட்டம் ஐந்தாம் நிலை. ஒரே படி, வேறு இலக்கம். வட அமெரிக்காவிலோ நாலு வருடம் படிக்காதவனை அரைப் பட்டதாரியாகப் பார்க்கும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. இந்த ஏணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்கு ரொறன்ரோவில் இரண்டு நாள் கூட்டம். நிலை விவரணங்களைத் தமிழில் எழுதியவன் என்பதால் என்னையும் அனுப்பினார்கள்.

"உன்ரை கூட்டத்தாலை எனக்கும் ஒரு வழி பிறந்திருக்கு," என்றான் சிவா, கைகழுவிக்கொண்டு வந்து.

மிசிசாகாவில் உணவுப் பொருள் பொதிசெய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவன் இருபது வருடமாகப் பெட்டி ஏற்றுகிறான். அங்கே ஆய்வுகூடத்தில் ஒரு இடம் காலி. விண்ணப்பம் செவ்வாய்க்கிழமை முடிகிறது. ஐரோப்பாவின் மூன்று வருடப் பட்டத்தை ஏற்கத் தொடங்கியபிறகு, அவனுடைய பட்டத்தையும் முழுப்பட்டமாக மதிப்பிடத் தயார் என்று வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் கந்தோர் எழுதியிருந்தது. பெறுபேற்றுப் பத்திரத்தை நானேதான் போன மாதம் முத்திரையிட்டு அனுப்பியிருந்தேன். ஒரே ஒரு தடை. பட்டம் சிவனேஸ்வரன் பெயரில். கனடாவிலுள்ள அவனுடைய அத்தனை கடதாசிகளும் குலேந்திரன் பெயரில்.

"திங்கக்கிழமை ஒரு சத்தியக் கடதாசியிலை கையெழுத்து வை மச்சான். குலேந்திரன் எண்டது சிவனேஸ்வரன்ரை வீட்டுப் பேர், ரெண்டும் ஒரே ஆள் எண்டு. நீ என்னோடை படிச்சனி, பல்கலைக்கழகத்து ஆள். உன்ரை சொல்லை எடுப்பினம். எனக்கு இனி இன்னொரு தரம் வராது."

மாலினி சொதிச் சட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் குசினிக்குப் போனார்.

"வைக்கிறன், அதுக்கென்ன," என்றேன்.

மறுநாள் காலை பஸ் கென்னடி வீதியில் பாதி வழியில் நின்றுவிட்டது. கதவுகள் திறக்கவில்லை. புகாருக்குள் முன்னாலிருந்த வாகனம் எங்கே முடிகிறது என்று சாரதிக்குத் தெரியவில்லை என்றார்கள். எங்களூரில் என்றால் இந்நேரம் பஸ்ஸுக்குள் ஒரு பாராளுமன்றம் கூடியிருக்கும். இங்கே நாற்பது பேர் காதுக்குள் எதையோ கேட்டபடி அசையாமல் இருந்தார்கள். பக்கத்திலிருந்த முதிய சீனப் பெண்மணி பையிலிருந்து அவித்த முட்டை ஒன்றை எடுத்து உரித்து, பாதியை என்னிடம் நீட்டினார். உப்பும் தந்தார். கதவு திறந்ததும் புகாருக்குள் இறங்கினார். மூன்றாவது அடியில் ஆள் இல்லை.

கூட்ட மண்டபத்தில் வெப்பம் அதிகம், யன்னல்கள் திறக்க முடியாதவை. திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக நிலைகள். ஒவ்வொரு நிலையிலும் "கற்றவர்" என்று ஒருவர் நின்றார். கற்றவர் பகுப்பாய்வார், கற்றவர் பொறுப்பேற்பார், கற்றவர் எதிர்பாராத சிக்கலைத் தீர்ப்பார். அவருக்குப் பெயர் இல்லை, ஊர் இல்லை, முகம் இல்லை. லிஸ்பனில் ஏறி ஹெல்சிங்கியில் இறங்குகிறார், யாரும் அவரை மறிப்பதில்லை. அந்த வசனங்களைத் தமிழாக்கிய மாதங்களில் பின்னேரங்களில் அவர் என் முதுகுக்குப் பின்னால் நிற்பதாக எனக்குப் பட்டதுண்டு. சிரிக்கக்கூடியதுதான். ஆனால் நான் திரும்பிப் பார்க்காமல்தான் எழுதினேன்.

போர்த்துக்கலிலிருந்து வந்த ஒரு பெண்மணி இடைவேளையில் கோப்பிக் கோப்பையோடு என்னிடம் சொன்னார்: "எத்தனை வருடம் இருந்தான், எந்தக் கட்டடத்தில் இருந்தான் என்பதை விடுங்கள். அவனால் என்ன செய்ய முடியும்? அதை மட்டும் கேட்கத் தொடங்கினோம். அதுதான் முழுச் சீர்திருத்தமும்."

"அவன் யார் என்று எந்த இடத்தில் கேட்பீர்கள்?"

"அது வேறு படிவம்," என்றார்.

இரண்டாம் நாள் முடிவில் எங்கள் ஐந்தை அவர்களுடைய ஆறுக்கு நேரே வைக்கலாம் என்று ஒரு வரைவு எழுதப்பட்டது. நான் கைதட்டினேன். சிவாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். "நீ ஆறாம் நிலை மச்சான்." பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மை வந்தது. அனுப்பியவர் பெயர் என் திரையில் குலேந்திரன்.

சனிக்கிழமை அவன் என்னைத் தன் காரில் மேற்கே கூட்டிப் போனான். மிசிசாகாவில் தொழிற்சாலை பூட்டியிருந்தது. வெளியே புகைபிடித்துக்கொண்டு நின்ற காவலாளி, கயானாக்காரர், கார்க் கண்ணாடிக்குள் குனிந்தார். "குலன், உன் ஆட்கள் நேற்றும் அமிலக் கணக்கில் பிழை விட்டார்களாம். நீ திங்கள் வந்து திருத்துவாய் என்று வைத்திருக்கிறார்கள்," என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். அந்த ஆய்வுகூடத்தின் அளவீடுகளைப் பல வருடமாகச் சரிபார்ப்பது பெட்டி ஏற்றும் சிவாதான் என்று அப்போது விளங்கியது. அவன் காதுவரை சிவந்தான். மேசையில் என் கரைசல் நிறம் மாறாதபோது எட்டிப் பார்த்து "ரெண்டு துளி கூட" என்று சொல்லுகிற அதே வெட்கம். அவன் சிவாதான். அன்று மத்தியானம் எனக்கு அதில் சந்தேகம் இல்லை.

திரும்பும் வழியில் பார்க்டேலில் நிறுத்தினான். பழைய செங்கல் வீடுகள், கீழே மண்ணுக்குள் பாதி புதைந்த யன்னல்கள். ஒரு திபெத்தியக் கடையில் ஆவியில் வெந்த கொழுக்கட்டை போன்ற ஒன்றை வாங்கித் தந்தான். உள்ளே இறைச்சி, தொட்டுக்கொள்ளக் கண்ணில் நீர் வரும் சம்பல். சாப்பிட்டபடி ஒரு நிலவறை யன்னலைக் காட்டினான்.

"வந்த புதிசிலை இதுக்குள்ளைதான் எட்டுப் பேர். இரவு வேலையாலை வந்து எல்லாரும் படுத்தாப் பிறகு, நான் இருந்து கையெழுத்துப் பழகுவன்."

"ஆரின்ரை கையெழுத்து?"

அவன் கடதாசிப் பையைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான். "கார் நிப்பாட்டின நேரம் முடியுது, வா."

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் குளித்து, சேட்டு மாற்றி, மேசையின் முன் வந்து இருந்தான். மாலினி வானொலியை நிறுத்தினார். தொலைபேசியை அவன் காதோடு வைத்தான். ஊரில் அப்போது பொழுதுபட்ட நேரம்.

"அம்மா," என்றான்.

நான் வாசித்துக்கொண்டிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தேன். அது சிவாவின் குரல் இல்லை. கொஞ்சம் கீச்சென்று, அவசரப்பட்டு, சொல்லின் தலையில் ஒரு சின்னத் திக்கலோடு வருகிற இளைஞனின் குரல். "ஓம் அம்மா... சா... சாப்பிட்டனான். எனக்குத்தானே க... கத்தரிக்காய் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும்தானே." முன்தினம்தான் அவன் என் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த கத்தரிக்காயையும் வாங்கிச் சாப்பிட்டிருந்தான். தோள்கள் முன்னுக்கு விழுந்திருந்தன. வலது கால் ஆடிக்கொண்டிருந்தது. நான் சிவாவின் கால் ஆடி ஒருநாளும் கண்டதில்லை.

மாலினி என்னைப் பார்க்காமல் வெங்காயம் உரித்தார்.

சிவாவின் தாய், நாங்கள் படிக்கும்போதே இறந்துவிட்டார். செத்தவீட்டுக்கு வகுப்பில் காசு சேர்த்து மலர்வளையம் வாங்கி அனுப்பியவன் நான்தான்.

அவன் தொலைபேசியை வைத்தான். தோள்கள் நிமிர்ந்தன. கால் நின்றது.

"ஆர் அது?" என்றேன்.

"மாமி."

"ஆரோடை கதைச்சவ?"

அதற்குப் பிறகுதான் சொன்னான். குலேந்திரன் வீட்டுப் பெயர் இல்லை. மாமியின் மகன். அவனைவிட இரண்டு வயது மூப்பு, முகவெட்டு ஒன்று. உயர்தரச் சோதனையில் இரண்டு தரம் தவறியவன். வெளிநாடு போவதற்கு அவனுக்குத்தான் எல்லாம் ஒழுங்காயிருந்தது. கடவுச்சீட்டு, ஏஜென்ற், பயணச்சீட்டு. கொழும்புவரை துணைக்குப் போனவன் சிவா. போர்க்காலம், கடனீரேரியைப் படகில் கடக்கும்போது கடற்படையின் துப்பாக்கிச் சூடு விழுந்தது. படகு கவிழ்ந்தது. இவன் குலனின் பையைப் பிடித்திருந்தான், குலனைப் பிடிக்கவில்லை.

"உடம்பு வரேல்லை மச்சான். ரெண்டு நாள் கரையிலை நிண்டு பாத்தனான். பிறகு ஏஜென்ற், இந்த முகத்துக்கு நீ போகலாம் எண்டான். வந்து இறங்கி மாமிக்கு உண்மையைச் சொல்லத்தான் எடுத்தனான். அவ எடுத்த உடனை, 'குலன், போய்ச் சேந்திட்டியோடா' எண்டு அழுதா. நான் ஓம் எண்டன்."

"உன்ரை வீட்டிலை?"

"நான் கடலிலை போனதெண்டு நினைச்சு அந்தியேட்டிச் சடங்கும் செய்து முடிச்சவை, உன்ரை காதுக்கு எட்டேல்லைப் போலை. ஐயாவுக்கு ஒருத்தர்மூலம் உண்மையைச் சொல்லி அனுப்பினன். அவர் சாகுமட்டும் வெளியிலை விடேல்லை."

மாலினி கத்தியை வைத்தார். "அண்ணை, நான் கலியாணம் முடிச்சு மூண்டு வருசத்துக்குப் பிறகுதான் எனக்கே சொன்னவர். அபிராவுக்கு இன்னும் தெரியாது. அவளின்ரை பேருக்குப் பின்னாலை நிக்கிறது ஆர் எண்டு." பிறகு அவனிடம், "ஏன் இப்ப இதைக் கிண்டுறீங்கள்? பெட்டி ஏத்தினதாலை நாங்கள் பட்டினி கிடந்தனாங்களோ?"

சிவா பணப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து மேசையில் வைத்தான்.

"குலன் இஞ்சை வரி கட்டுறான், வாக்குப் போடுறான், பல்லுப் பிடுங்கினவன். லைசென்ஸிலை அவன்ரை படத்துக்கு நரைக்குது. நாளைக்கு நான் செத்தாலும் அவனைத்தான் எரிப்பினம். எனக்கு ஒரு கடதாசியிலை, ஒரே ஒரு கடதாசியிலை, நான் இருக்கவேணும்."

அன்று முழுதும் வீட்டுக்குள் நான் நடந்தபோது ஒருவருக்கு வழிவிட்டு நடப்பதாக உணர்ந்தேன். மேசையில் மூன்று கோப்பை வைத்த மாலினி, நாலாவதை எடுத்துவிட்டுத் திரும்ப அலமாரியில் வைத்தார். யன்னலில் புகார் அப்படியே நின்றது. நான் அதில் எங்கள் கற்றவரைக் கண்டேன். பெயரில்லாதவர். எல்லாம் செய்யத் தெரிந்தவர். அவருக்கு நேரே, எதுவும் செய்யாத, பெயர் மட்டுமேயான இன்னொருவர்.

பின்னேரம் அவனிடம் சொன்னேன். "நீ சொன்ன மாதிரி என்னாலை கையெழுத்து வைக்கேலாது. குலேந்திரன் எண்டு ஒருத்தன் இருக்கேல்லை எண்டு நான் எப்பிடிச் சத்தியம் பண்ணுறது? எனக்குத் தெரிஞ்சதை மட்டும் எழுதுறன். இந்த மனிசன் என்னோடை மூண்டு வருசம் ஒரே மேசையிலை நிண்டவன். இந்தப் பட்டம் இவன்ரை. மிச்சத்தை நீ எழுது."

"மிச்சத்தை எழுதினா, களவாய் வந்தவன் எண்டு முப்பது வருசக் கோப்பைத் திறப்பாங்கள்."

"திறக்கலாம்."

"வேலையும் போகும். குடியுரிமையும் போகலாம்."

"ஓம்."

"நீ என்னை லேசாக் கைவிடுறாய்," என்றான். கோபமில்லாமல் சொன்னான். அதனால்தான் சுட்டது.

ஆனாலும் திங்கள் காலை அவனே என்னைத் தட்டி எழுப்பினான்.

பிளாசாவில் நகைக்கடைக்கும் கொத்துரொட்டிக் கடைக்கும் நடுவில் இருந்தது நாங்கள் போன கந்தோர். காப்புறுதி, பயணச்சீட்டு, சத்தியக் கடதாசி எல்லாம் ஒரே மேசையில். உள்ளேயிருந்தவர் தமிழர், ஊரில் ஆசிரியராக இருந்திருக்கவேண்டும், சட்டைப் பையில் இரண்டு பேனை.

"வீட்டுப் பேர் கேஸ்தானே? உது சிம்பிள் அண்ணை. எங்கடை ஆக்களுக்கெல்லாம் ரெண்டு பேர் எண்டு இப்ப வெள்ளைக்காரருக்கும் பாடம். வசனம் ரெடியா இருக்கு, பேரை மட்டும் போடுறன்."

"வேண்டாம்," என்றேன். எனக்குத் தெரிந்ததை நாலு வரியில் சொன்னேன். அவர் அடித்து முடித்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "இது காணாது. குலேந்திரன் ஆர் எண்டு கேப்பினம்."

"அதை இவர் எழுதுவார்."

சிவா திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "ஐஞ்சு நிமிசம்," என்று எழுந்து வெளியே போனான்.

கண்ணாடிக் கதவினூடாகத் தெரிந்தான். கார்கள் நடுவே, புகாரில் இடுப்புவரை. தொலைபேசியைக் காதில் வைத்தான். வாய் அசைந்தது, நின்றது. நீண்ட நேரம் கேட்டுக்கொண்டு மட்டும் நின்றான். கந்தோர்க்காரர் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். கொத்துக் கடையில் தகட்டில் இரும்பு விழும் சத்தம் சுவரினூடாகக் கேட்டது. திரும்பப் பார்த்தபோது அவன் மறுபடி பேசிக்கொண்டிருந்தான்.

உள்ளே வந்து கதிரையில் இருந்தான். "அடியுங்கோ. குலேந்திரன் என்ரை மாமியின்ரை மகன். கடலிலை செத்தவன். நான் அவன்ரை கடவுச்சீட்டிலை வந்தனான்."

கந்தோர்க்காரரின் விரல்கள் நின்றன. "அண்ணை, முதலிலை ஒரு வக்கீலைப் பாத்திட்டு..."

"பாத்திட்டன். அடியுங்கோ."

அடித்தார். வாசித்துக் காட்டினார். நான் என் பகுதியில் கையெழுத்து வைத்தேன். சிவா தன் கடதாசியை இழுத்து, பேனையைப் பிடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுத்தெழுத்தாகச் சிவனேஸ்வரன் என்று எழுதினான். முத்திரை விழுந்தது. பதில் வர நாளெடுக்கும், எந்தப் பதில் என்று தன்னால் சொல்லமுடியாது என்றார் கந்தோர்க்காரர். காசு வாங்க மறுத்துவிட்டார்.

கார்வரை நடந்தோம். கதவைத் திறந்து உள்ளே இருந்தபிறகுதான் கேட்டேன்.

"மாமிக்குச் சொன்னனியோ?"

"சொன்னன். முப்பது வருசத்துக்குப் பிறகு மாமி எண்டு கூப்பிட்டன். நான் சிவா, குலன் அண்டைக்கே கடலிலை போயிட்டான் எண்டன்."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. நான் லைன் வெட்டுப்பட்டுப் போச்செண்டு நினைச்சன்." அவன் கார்த் திறப்பைத் துவாரத்தில் போட்டான், திருப்பவில்லை. "பிறகு, 'சரி சிவா, போனைக் குலனிட்டைக் குடு' எண்டா."

"நீ?"

வலது கால் மெல்ல ஆடத் தொடங்கியிருந்தது.

"கு... குடுத்தன்," என்றான்.